களியில்லாத களி

எங்கள் வீட்டுப் பூசையறை மாடத்தில் ஒரு பித்தளை உழக்கு இருக்கிறது. 1974ஆம் ஆண்டு அம்பாசமுத்திரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு நாங்கள் குடிபெயர்ந்தபோது மூட்டையோடு வந்த பொருள்களுள் அதுவும் ஒன்று. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்துப் பிழைத்த குடும்பத்தில் பித்தளைக்கு என்ன பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். ஆயினும் அந்த உழக்கை நாங்கள் விற்றதும் இல்லை. பழையதென்று எடைக்குப் போட்டதும் இல்லை. ஒரே ஒருமுறை பரண்மேல் ஒளித்து வைத்தோம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, 'பிள்ளைத்தமிழில் விளையாட்டு' என்பதுபோல் ஏதேனும் எழுதி அனுப்பலாமென்றே முதலில் எண்ணினோம். பொருள் நல்ல பொருள்தான். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்றும் விளையாட்டே: சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்பாலுக்கு அம்மானையும் ஊசலும் உண்டு. சங்கப் பாடல்களிலோ கடற்கரை மணலில் சிறுமியர் ஆடும் ஆட்டத்திற்கு 'வண்டல்' என்று தனிப்பெயரே வழங்கிற்று. மணலில் வீடு கட்டுவதும், அதில் சோறு சமைப்பதும், அதை ஒருவன் வந்து உதைத்துக் கலைப்பதும் நம் புலவர்களுக்குப் பாடுபொருள். இவற்றையெல்லாம் தொகுத்து எழுத உட்கார்ந்தோம். இரண்டு பக்கம் ஓடியது. அதற்குமேல் ஓடவில்லை. சிறுதேர் உருட்டல் என்று எழுதியவுடன் எங்கள் பேரன் உருட்டிய உழக்கின் ஓசை காதில் விழுந்துவிட்டது.

2016ஆம் ஆண்டு ஆனி மாதம். நாகர்கோயிலில் ஒரு திருமணத்திற்குச் சென்றுவிட்டு எங்கள் மருமகள் பிள்ளையோடு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தாள். நெய்யாற்றின்கரைக்கு இப்பால் எதிரே வந்த லாரி மோதியது. அவள் அங்கேயே போய்விட்டாள். பிள்ளைக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு மட்டுமே. அவனுக்கு அப்போது ஐந்து வயது நிறையவில்லை. 'கடவுள் காப்பாற்றினார், குழந்தைக்கு ஒன்றுமில்லை' என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நாங்களும் சொன்னோம்.

தைக்காட்டுச் சாந்திகவாடத்தில் காரியங்கள் முடிந்தன. பிள்ளையை அங்கே கொண்டுபோகவில்லை; அடுத்த தெருவில் உறவினர் வீட்டில் விட்டுவைத்தோம். அம்மா எங்கே என்றான். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றோம். பத்து நாள் கழித்து, ஊருக்குப் போயிருக்கிறாள் என்றோம். எந்த ஊர் என்று அவன் கேட்கவில்லை. கேட்காமல் விட்டானே என்று எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. இன்று நினைத்தால் அந்த ஆறுதலுக்காகவே வெட்கப்படுகிறோம்.

அந்த வாரத்திலிருந்து அவன் ஒரு விளையாட்டைத் தொடங்கினான். கூடத்துத் தரையில் ஒரு தீப்பெட்டியை வைப்பான். எட்டடி தள்ளிப் போய் உழக்கைச் சாய்த்து உருட்டுவான். அது வந்து தீப்பெட்டியில் மோதும். வாயால் ஓர் ஒலி எழுப்புவான். பிறகு தீப்பெட்டியை எடுத்து அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்துவிட்டு மீண்டும் எட்டடி தள்ளிப் போவான். ஒரு மாலையில் முப்பது முறை, நாற்பது முறை. இடையில் பேச்சில்லை, சிரிப்பில்லை. குழந்தை விளையாடுகிறான் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

மலையாளத்தில் விளையாட்டுக்குக் 'களி' என்று பெயர். நம் பழந்தமிழில் களி என்றால் மகிழ்ச்சி. ஒரே சொல் மலைக்கு இப்பால் செயலாகவும் அப்பால் உணர்வாகவும் நிற்பதைப் பற்றி நண்பர்களோடு பலமுறை பேசி மகிழ்ந்ததுண்டு. எங்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் கண்டது களியில்லாத களி.

என்ன செய்வதென்று தெரியாமல் தெரிந்ததையெல்லாம் செய்தோம். உழக்கைப் பரண்மேல் ஒளித்தோம். அவன் ஒரு செருப்பைத் தீப்பெட்டியின் அருகில் வைத்து, மற்றொரு செருப்பைத் தள்ளினான். செருப்புகளை எடுத்து வைத்தோம், இட்லித்தட்டு வந்தது. மந்திரித்துக் கயிறு கட்டினோம். ஒரு மருத்துவர், யாரென்று சொல்ல வேண்டியதில்லை, 'சின்னப் பிள்ளை, ஆறு மாதத்தில் மறந்துவிடுவான், பேச்செடுக்காதீர்கள்' என்று அனுப்பிவைத்தார். அவர் சொன்னது எங்கள் விருப்பத்திற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. ஆனால் பிள்ளை இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினான். பள்ளியில் பக்கத்துப் பையனின் கையைக் கடித்தான். வீட்டில் பேச்சு நாளுக்கு நாள் குறைந்து, 'வேணும்', 'வேண்டாம்' என்னும் இரண்டு சொற்களில் வந்து நின்றது.

கடைசியில் ஒரு மனநல ஆலோசகரிடம் சென்றோம். எங்கள் மகள் வயதிருக்கும் மலையாளப் பெண். அவர் அறையைக் கண்டதும் எங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. மேசையில்லை, மருந்தில்லை. தாழ்ந்த அலமாரிகளில் பொம்மைகள்: வீடு, மரம், யானை, போலீஸ்காரர், பாம்பு, தீயணைப்பு வண்டி, ஆண் பெண் குழந்தை உருவங்கள். தரையில் ஆழமில்லாத ஒரு மரப்பெட்டி. அதில் பாதி மணல். பெட்டியின் உட்புறம் நீல வண்ணம் பூசியிருந்தது. மணலை விரலால் விலக்கினால் அடியில் நீர் தெரிவதுபோல் இருக்கும்.

வாரம் ஒருநாள், முக்கால் மணி நேரம். விதிகள் மூன்றே: தன்னை நோகடிக்கக் கூடாது, பிறரை நோகடிக்கக் கூடாது, அறையை உடைக்கக் கூடாது. மற்றபடி அவன் என்ன செய்தாலும் சரி, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் சரி. நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் மட்டும் அதைச் சொல்வார். கேள்வி கேட்கமாட்டார். மூன்றாம் வாரம் நாங்கள் பொறுமையிழந்து, 'மணலில் விளையாட எங்கள் கொல்லையில் இடமில்லையா அம்மா? இதற்கா கட்டணம்?' என்று கேட்டே விட்டோம். அவர் சிரித்தார். 'கொல்லையில் அவன் தனியாக விளையாடுவான். இங்கே ஒருவர் கூட இருக்கிறார். அதுதான் வேறுபாடு' என்றார். அப்போது அது எங்களுக்குச் சொல்விளையாட்டாகவே பட்டது.

பிறகு இதைப்பற்றிப் படிக்கத் தொடங்கினோம். கடையைத் தம்பி பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்ட காலம், படிக்க நேரமிருந்தது. படித்தவற்றுள் எங்களைப் பிடித்து நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு, தம் ஒன்றரை வயதுப் பேரனின் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூல் கட்டிய ஒரு மரக்கட்டையைத் திரையிட்ட தொட்டிலுக்குள் எறிந்து 'போயிற்று' என்னும் பொருளில் ஓர் ஒலி எழுப்புவான் குழந்தை. பின்பு நூலைப் பிடித்து இழுத்து, கட்டை வெளிப்பட்டதும் 'இதோ' என்பான். தாய் தன்னை விட்டுப் போவதையும் மீள்வதையும் அவன் தன் கைக்குள் கொண்டுவந்து ஆடுகிறான் என்று பிராய்டு 1920இல் வெளியான நூலில் எழுதினார். அந்தக் குழந்தையின் தாய், அதாவது பிராய்டின் மகள், அதே ஆண்டு ஜனவரியில் நச்சுக் காய்ச்சலில் இறந்துபோனாள். இழுத்துப் பார்க்க அப்போது நூல் இல்லை. பேரனை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அந்தப் பெரிய அறிஞர் அந்த ஒரு பக்கத்தில் வெறும் தாத்தாவாகத் தோன்றினார்.

மணற்பெட்டிக்கும் வரலாறு உண்டு. மார்கரெட் லோவன்பெல்டு என்னும் அம்மையார் 1928இல் லண்டனில் குழந்தைகளுக்காக ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார். எச். ஜி. வெல்ஸ் தம் பிள்ளைகளோடு தரையில் ஊரும் தீவும் அமைத்து ஆடியதைப் பற்றி 1911இல் எழுதிய சிறு நூல் அவர் நினைவில் இருந்தது. சிறு பொம்மைகள் நிறைந்த பெட்டியையும் மணல்தட்டையும் அருகருகே வைத்தார். குழந்தைகள் பொம்மைகளை எடுத்து மணலில் அடுக்கினார்கள். தாங்கள் அமைத்ததற்கு 'உலகம்' என்று தாங்களே பெயரிட்டார்கள். பின்னர் அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் எழுதிய நூலில், குழந்தையை வழிநடத்தாதே, குழந்தை வழிகாட்டும், நீ பின்தொடர் என்னும் முறையை வகுத்தார். எங்கள் ஆலோசகர் கேள்வி கேட்காததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

ஆனால் எங்களை உண்மையில் அச்சுறுத்தியது வேறொரு செய்தி. 1976இல் கலிபோர்னியா மாநிலத்துச் சௌசில்லா என்னும் சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஒன்றைக் கயவர் மறித்து, 26 குழந்தைகளையும் ஓட்டுநரையும் ஒரு கல்குவாரியில் புதைத்திருந்த வண்டிப்பெட்டிக்குள் அடைத்தனர். மண்ணுக்கடியில் கிடந்தவர்கள் தாங்களே வழி தோண்டித் தப்பினர். எல்லாரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்; அங்கும் 'குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை' என்றே முதலில் கருதினர். லெனோர் டெர் என்னும் மனநல மருத்துவர் அக்குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார். நடந்ததையே மீண்டும் மீண்டும், மாறாமல், மகிழ்ச்சியின்றி ஆடும் ஒரு விளையாட்டை அவர்களிடம் கண்டார். சாதாரண விளையாட்டு பயத்தைக் கரைக்கும், இவ்விளையாட்டு கரைப்பதில்லை. யாரேனும் உடனிருந்து அதற்கு ஒரு வாசல் திறந்துவிடாவிட்டால் குழந்தை அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எங்கள் கூடத்து உழக்கை அம்மருத்துவர் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்தே எழுதியதுபோல் இருந்தது.

ஆலோசகரிடம் உழக்கைப் பற்றிச் சொன்னோம். ஒளித்து வைத்ததையும் சொன்னோம். 'எடுத்துக் கொடுங்கள், இங்கேயும் கொண்டுவரட்டும்' என்றார். அவன் அதை மணலில் உருட்டினான். அவர் பக்கத்தில் அமர்ந்து, 'வண்டி வருது... இடிச்சு' என்று நடப்பதை மட்டும் சொல்வார். அவருடையது பாதி மலையாளம், பாதி தமிழ்; அவனுடையதோ பேச்சே இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கு மலையாளத்தில் எப்படி மனநோய் தீரும் என்று நாங்கள் கவலைப்பட்டதுண்டு. வேற்று மாநிலத்தில் வாழும் உங்களுள் பலருக்கும் அந்தக் கவலை விளங்கும். மணலுக்கு மலையாளத்திலும் மணல் என்றுதான் பெயர். அம்மாவுக்கும் அப்படியே.

ஆறாம் வாரமோ ஏழாம் வாரமோ, மோதிய பிறகு அவர் மெல்ல, 'இப்போ ஆரு வரும்?' என்றாராம். அதுவரை அவர் கேட்ட முதற்கேள்வி அதுதான். அவன் நெடுநேரம் அலமாரியைப் பார்த்திருந்துவிட்டு, தீயணைப்பு வண்டியை எடுத்துவந்தானாம். அடுத்த வாரம் போலீஸ்காரர். அதற்கடுத்த வாரம் யானை. யானை எதற்கென்று எங்களுக்குப் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை, அவர் அதை ஒப்புக்கொண்டதும் எங்களுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் உழக்கு உருள்வது குறைந்தது.

பிறகொரு நாள் அவன் பெண் பொம்மையை எடுத்து மணலில் குழிதோண்டிப் புதைத்தான். மேலே மணலைத் தட்டிச் சமன்செய்தான். 'அம்மா' என்றான். சற்று நேரம் கழித்து, வெளியே நாங்கள் அமர்ந்திருந்த பக்கம் கையைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, 'ஆச்சிகிட்டச் சொல்லாதீங்க. ஆச்சி அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு நினைச்சுக்கிட்டு இருக்கா' என்றானாம்.

அவனுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்ற பின்னரே ஆலோசகர் இதை எங்களிடம் சொன்னார். அதற்கு மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. கேட்டபோது எங்களால் எழுந்திருக்க முடியவில்லை. நாங்கள் அவனிடமிருந்து மறைப்பதாக எண்ணிக்கொண்டிருந்ததை, அவன் எங்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தான். ஐந்து வயதுப் பிள்ளை, தாத்தாவும் ஆச்சியும் மனம் உடைந்துபோவார்களென்று, தான் கண்ணால் கண்டதை விழுங்கிக்கொண்டு ஏழு மாதம் இருந்திருக்கிறான்.

அன்று மாலையே சொல்லிவிடுவதென்று முடிவு செய்தோம். மகனும் உடனிருந்தான். கொல்லைப் படிக்கட்டில் பலாமரத்தடியில் உட்கார்ந்து, 'அம்மா ஊருக்குப் போகவில்லை, கார் மோதிய அன்றே இறந்துவிட்டாள், இனி வரமாட்டாள், நாங்கள் உன்னிடம் பொய் சொன்னோம்' என்றோம். 'தூங்குகிறாள்', 'சாமியிடம் போய்விட்டாள்' என்று சொல்லவேண்டாமென்று ஆலோசகர் எச்சரித்திருந்தார். தூங்கினால் எழவேண்டும், போனால் வரவேண்டும் என்பது பிள்ளைக் கணக்கு. அவன் முன்னால் அதுவரை நாங்கள் அழுததில்லை. அன்று அழுதோம். அவன் அழவில்லை. எங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு, 'அம்மாவோட ஒத்தச் செருப்பு ரோட்டுல கிடந்துச்சே, அதை எடுத்தீங்களா?' என்று கேட்டான்.

எடுக்கவில்லை என்றோம். அந்தச் செருப்பைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. உழக்கை ஒளித்தபோது அவன் தீப்பெட்டியருகில் செருப்பை வைத்தது, கைக்குக் கிடைத்ததை எடுத்த செயல் என்றே எண்ணியிருந்தோம்.

அவனை ஆலோசகரிடம் அழைத்துச் செல்வது பின்னும் பல மாதம் தொடர்ந்தது. படுக்கை நனைவது நின்றது, மீண்டும் வந்தது, பிறகு நின்றது. இம்முறையை மந்திரம்போல் எண்ணி யாரும் ஏமாற வேண்டாமென்றே இதையும் எழுதுகிறோம். எல்லாப் பிள்ளைக்கும் இது வேண்டுமென்பதும் இல்லை. துக்கப்படும் பிள்ளைகளில் பலர், உண்மை சொல்லி அணைத்துக்கொள்ளும் வீடு இருந்தால், தாமே தேறிவிடுவார்கள் என்று அவரே சொன்னார். எங்கள் வீட்டில் அணைப்பு இருந்தது; உண்மைதான் இல்லை.

இதற்கிடையே 2017 நவம்பர் 30 வந்தது. ஒக்கிப் புயல் குமரிமுனைக்குத் தெற்கே திடீரென்று வலுத்தபோது, நம் பூந்துறை, விழிஞ்ஞம் தொடங்கி எல்லைக்கு அப்பால் நீரோடி, தூத்தூர், சின்னத்துறை வரையில் எத்தனையோ பேர் ஆழ்கடலில் இருந்தனர். இருபுறமும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. சில படகுகள் இலட்சத்தீவிலும் மராட்டியக் கரையிலும் போய் ஒதுங்கின. கிடைத்த உடல்களில் சில மரபணுச் சோதனையால்தான் இன்னாருடையவை என்று அறியப்பட்டன. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அவர்கள் 'காணாமற்போனோர்' பட்டியலில் இருந்தார்கள்.

கடலோரத்திற்குச் சென்றுவந்த எங்கள் ஆலோசகர் அதிகம் பேசவில்லை. அங்கே மணற்பெட்டி தேவைப்படவில்லை, வாசலிலேயே மணல் என்றார். பிள்ளைகள் படகு செய்கிறார்கள், அலைவந்து அழிக்கிறது, மீண்டும் செய்கிறார்கள் என்றார். பின்பு, 'உங்கள் பேரனிடம் உண்மையைச் சொல்ல முடிந்தது. இவர்களிடம் எதைச் சொல்வது? அப்பா இறந்தாரென்று சொல்ல வீட்டாருக்கே மனம் ஒப்பவில்லை. ஊருக்குப் போயிருக்கிறார் என்பதைவிட இது கொடிது. இதில் பொய் சொல்கிறவர் யாரும் இல்லை' என்றார். ஒருநாள் வந்து வண்ணக்குச்சி கொடுத்து, பிள்ளைகள் வரைந்த புயற்படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு போய்விட்டவர்களும் இருந்தார்களாம். அவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உயர்ந்தது. பிள்ளையின் பயத்தைத் திறந்துவிட்டு, மூடாமல் போவது எப்படித் தொண்டாகும்?

இப்படி ஓடிப்போகாமல் ஆண்டுக்கணக்கில் நின்று செய்த வேலைக்கு நம் தமிழ் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. மட்டக்களப்பில் போர் நடந்துகொண்டிருந்த நாளிலேயே, 1996இல், இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான பால் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் பால் ஹோகனும் பிறரும் சேர்ந்து 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா'வைத் தொடங்கினார்கள். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளும், கண்முன் கொலை கண்ட பிள்ளைகளும், தமிழரும் முஸ்லிம்களுமாகச் சுற்றூர்களிலிருந்து பேருந்தில் வருவார்கள். வாரந்தோறும், மாதக்கணக்கில். களிமண் பிசைவது, ஓவியம், கதை, கூத்து, செடி வளர்ப்பு, விலங்கு பேணல். ஊர்களுக்கிடையே பகை மூண்டிருந்த காலத்தில் அவ்விரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே மண்ணைப் பிசைந்தார்கள் என்பதை எழுதும்போதே கை நிற்கிறது. உள்ளத்தில் பட்ட காயத்திற்கு ஈழத்து மருத்துவர்கள் 'மனவடு' என்றொரு சொல்லை வழங்கினார்கள். வடு என்பது ஆறிய புண்ணின் அடையாளம். சொல்லாக்கத்திலேயே ஒரு நம்பிக்கையை வைத்துவிட்டார்கள் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. இலக்கணம் வல்லார் மறுக்கக்கூடும்.

பேரன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். தமிழை மலையாள நெடியோடு பேசுகிறான், திருத்தினால் சிரிக்கிறான். ஆனி மாதத் திதிக்கு அவனே எள்ளும் நீரும் இறைக்கிறான். முடிந்ததும் தாயின் படத்தருகே மாடத்தில் உழக்கைத் துடைத்து வைப்பான். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

நாகர்கோயிலுக்குப் போகவேண்டுமென்றால் மட்டும் காரில் ஏறமாட்டான். நாங்களும் வற்புறுத்துவதில்லை; எல்லாருமாக ரயிலில் போகிறோம். நெய்யாற்றின்கரை நிலையத்தில் வண்டி நிற்கும்போது அவன் சன்னல் வழியே வெளியே பார்ப்பான். பிறகு, 'ஆச்சி, முறுக்கு இருக்கா?' என்று கேட்பான்.